பார்த்தால் தெரிய வேண்டுமா?

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வீட்டிற்கு வந்திருந்தான். புதிதாக வாங்கியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவன் செய்த முதல் வேலை, மாஸ் எஃபெக்ட் 3 என்ற கேமை இன்ஸ்டால் செய்ததுதான். 2012ல் வெளியான விண்வெளிப் போர் கேம் இது. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு ஆடினான்.

விண்கலத்தின் கீழ்த்தளத்தில் ஸ்டீவ் கார்டெஸ் என்று ஒரு பைலட் இருக்கிறார். ராணுவ முடிவெட்டு, யூனிபார்ம், அளவான பேச்சு. எதிரிகளின் தாக்குதலில் இறந்துபோன தன் துணையைப் பற்றிப் பேசும்போது, "என் கணவர்" என்று சொல்கிறார். அக்கா மகன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"மாமா, இவர் அப்படியா? பார்த்தா தெரியவே இல்லையே!"

"பார்த்தா எப்படித் தெரியணும்?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், என்னிடமும் உடனே சொல்ல ஒரு பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

கேமில் காதலா?

கம்ப்யூட்டர் கேம் என்றாலே கார் ஓட்டுவது, சுடுவது என்றுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நினைக்கிறார்கள். ரோல் பிளேயிங் கேம் என்று ஒரு வகை உண்டு. இதில் நீங்கள் ஒரு கதையின் நாயகனாகவோ நாயகியாகவோ மாறுகிறீர்கள். உடன் வரும் பாத்திரங்களுடன் பேசுகிறீர்கள். என்ன பேசுவது என்று திரையில் மூன்று, நான்கு வாக்கியங்கள் தோன்றும். ஒன்றைக் கிளிக் செய்ய வேண்டும். நீங்கள் சொல்வதைப் பொறுத்து அவர் உங்களை விரும்பலாம், வெறுக்கலாம், சில சமயம் காதலிக்கவும் செய்யலாம். டிராகன் ஏஜ் வரிசையின் இரண்டாம், மூன்றாம் கேம்களில் காதல் பேச்சுக்கு எதிரே ஒரு சிறிய இதயப் படமே இருக்கும்.

இப்படிக் காதலிக்கப்படும் பாத்திரங்களில் ஆணை விரும்பும் ஆண்களும் உண்டு. இது நேற்று வந்த விஷயம் அல்ல. 1998ல் வந்த ஃபால்அவுட் 2 கேமிலேயே ஆணும் ஆணும் திருமணம் செய்து கொள்ள முடிந்தது. 2000ல் வந்து வீடு வீடாகப் பரவிய தி சிம்ஸ் கேமிலும் ஒரே பாலினத்தவர் காதலிக்கலாம். ஆக, இப்படிப்பட்டவர்கள் கேமில் இருக்கலாமா என்ற கேள்வியைக் கேம் உலகம் எப்போதோ தாண்டிவிட்டது. எப்படிப்பட்டவர்களாக இருக்கிறார்கள் என்பதே இன்றைய கேள்வி.

இரண்டு அச்சுகள்

கேம்களில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களை வார்ப்பதற்கு நெடுங்காலமாக இரண்டு அச்சுகளே இருந்து வருகின்றன.

முதல் அச்சு, சிரிப்பு மூட்டுபவர். குழைந்த பேச்சு, பளபளப்பான உடை, கண்ணில் படும் ஆண்களை எல்லாம் துரத்தும் குணம். 2016ல் ஜப்பானில் வெளியான பெர்சோனா 5 கேமில் இப்படி இரண்டு பேர் வருகிறார்கள். பள்ளி மாணவன் ஒருவனைத் தொந்தரவு செய்வதற்காகவே அவர்கள் படைக்கப்பட்டிருந்தார்கள். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதே நோக்கம். பலருக்குச் சிரிப்பு வரவில்லை. 2020ல் அதே கேமின் புதிய பதிப்பு ஆங்கிலத்தில் வந்தபோது அந்தக் காட்சிகளின் வசனங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த அச்சின் கொஞ்சம் மரியாதையான வடிவம் 2009ல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் கேமின் செவ்ரான். இவன் கூலிக்குக் கொலை செய்பவன். ஆண், பெண் இருவரையும் விரும்புபவன். உங்களைக் கொல்ல வந்து, தோற்று, பிறகு உங்கள் கூட்டத்திலேயே சேர்ந்து கொள்கிறான். எதற்கெடுத்தாலும் சிலேடை, எப்போதும் கண் சிமிட்டல். ஆணையும் விரும்புபவன் என்றால் யாரையும் விடமாட்டான் என்ற பழைய எண்ணம் இதில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. ஆனால் விடாமல் பேசினால் வேறொன்று தெரியவரும். சிறுவயதிலேயே கொலைகாரக் கூட்டத்திற்கு விலைக்கு விற்கப்பட்டவன் அவன். விளையாட்டுப் பேச்சு அவனுக்கு ஒரு கவசம். எழுதியவர்கள் அச்சை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் ஓர் ஆளையும் வைத்தார்கள்.

இரண்டாவது அச்சு, பார்த்தால் தெரியாதவர். இவர் போர்வீரர் அல்லது பைலட். உடலில் தசை, பேச்சில் சிக்கனம். ஆணை விரும்புகிறார் என்ற ஒரு செய்தியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வழக்கமான ஹீரோ. கார்டெஸ் இந்த வரிசையில் வருகிறார். முதல் அச்சால் வருத்தப்பட்ட பலருக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

ஆனால் இந்த ஆறுதலுக்குள் ஒரு முள் இருக்கிறது. "இவர் மற்றவர்களைப் போல இல்லை, கம்பீரமாக இருக்கிறார், அதனால் ஏற்றுக் கொள்ளலாம்" என்று நாம் சொன்னால், கம்பீரமாக இல்லாதவரை ஏற்றுக் கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறோம். மென்மையான குரலும் வளைந்த நடையும் உள்ள பையன்கள் இந்த உலகில் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஆண்களை விரும்புபவர்களும் உண்டு, பெண்களை விரும்புபவர்களும் உண்டு. பள்ளியில் முதலில் கேலி செய்யப்படுவது அவர்களைத்தான். முதல் அச்சு அவர்களைப் பார்த்துச் சிரித்தது. இரண்டாவது அச்சு அவர்களைக் காணாமல் அடித்துவிடுகிறது. எது பெரிய அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அச்சு யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஜப்பானில் பாய்ஸ் லவ் என்று ஒரு தனி வகைக் கதைகளும் கேம்களும் உண்டு. ஆண்களின் காதலைச் சொல்லும் இவற்றை வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவற்றில் உயரமாக, அதிகாரமாக இருப்பவர் செமே. சிறிய உருவமாக, வெட்கப்படுபவராக இருப்பவர் உகே. பல கதைகள் இந்த இரண்டு வேடங்களைத் தாண்டுவதில்லை. ஆண்கள் இருவர் இருந்தாலும் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் நடந்து கொள்ள வேண்டும் என்ற பழைய கணக்கே இங்கும் தொடர்கிறது.

மீசை வைத்த டோரியன்

2014 நவம்பரில் டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் வெளிவந்தது. கனடாவின் பயோவேர் நிறுவனம் தயாரித்தது. அதில் டோரியன் என்ற மந்திரவாதி வருகிறார். அந்த வரிசையில் ஆண்களை மட்டுமே விரும்பும் முதல் ஆண் துணைவர் இவர். எழுதியவர் டேவிட் கெய்டர். தானும் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர்.

டோரியனின் வெளித்தோற்றத்தை மட்டும் பட்டியல் போட்டால் முதல் அச்சு அப்படியே வந்துவிடும். முறுக்கிய மீசை, அலங்கார உடை, நல்ல மது, கூர்மையான கிண்டல், கண்ணாடி முன் நிற்கும் ஆசை. கேம் வந்தபோது சிலர் இதைக் குறையாகவும் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. காரணம், டோரியனுக்குக் காதலைத் தவிர வேறு வேலை இருக்கிறது. அவருடைய நாடு டெவின்டர். அடிமை முறையும் ஊழலும் நிறைந்த நாடு. அதைத் திருத்த வேண்டும் என்று துடிக்கிறார். அதே நேரம், அடிமை முறையைப் பற்றிக் கேட்டால் தன் நாட்டுக்காக வக்காலத்து வாங்கவும் செய்கிறார். இப்படி முரண்படுபவர்தான் மனிதர்.

அவருடைய கதையின் மையம் தந்தையுடன் ஏற்பட்ட பிளவு. குடும்ப வம்சத்திற்காக ஒரு பெண்ணை மணக்க வேண்டும் என்கிறார் தந்தை. டோரியன் மறுக்கிறார். ரத்த மந்திரம் என்பது பலவீனமான மனம் கொண்டவர்களின் வழி என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே, அந்த ரத்த மந்திரத்தால் மகனின் மனதை மாற்ற முயற்சி செய்கிறார். டோரியன் வீட்டை விட்டு ஓடிவிடுகிறார். பின்னர் ஒரு மதுக்கடையில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரும் பேச வேண்டுமா, டோரியன் எழுந்து போக வேண்டுமா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ரத்த மந்திரம் கற்பனைதான். மகனை மாற்றிவிடலாம் என்று நினைக்கும் தந்தை கற்பனை அல்ல. இந்த ஆசையை நம்பி "சிகிச்சை" என்ற பெயரில் நடப்பவற்றை 2021 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவம் மூலம் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் இப்படிச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. கேமில் வந்த அந்த மதுக்கடைக் காட்சி நமக்கும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆனால் 2014ல் அந்தக் காட்சி இந்தியக் கடைகளுக்கு வரவில்லை. ஆபாசம் தொடர்பான உள்ளூர்ச் சட்டங்களை மீறாமல் இருப்பதற்காக என்று சொல்லி, வெளியீட்டு நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இந்தக் கேமை இந்திய விற்பனையிலிருந்து விலக்கிக் கொண்டது. எந்தக் காட்சி, எந்தச் சட்டம் என்று அது விளக்கவில்லை. 377வது பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது ஓராண்டு கூட ஆகவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது.

அதே கேமில் இன்னொருவர்

அதே இன்குவிசிஷன் கேமில் அயர்ன் புல் என்பவரும் வருகிறார். பெயருக்கேற்ற காளை. தலையில் பெரிய கொம்புகள், மலை போன்ற உடம்பு, ஒரு கண் இல்லை. கூலிப்படை ஒன்றின் தலைவர். ஆண், பெண் யாராக இருந்தாலும் விரும்பக்கூடியவர். இரண்டாவது அச்சின் உச்சம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கண் எப்படிப் போனது என்று கேட்டால், முன்பின் தெரியாத ஒருவனை அடியிலிருந்து காப்பாற்றக் குறுக்கே விழுந்தபோது போனது என்று தெரியும். காப்பாற்றப்பட்டவர்தான் இன்று அவருடைய படையின் துணைத் தலைவர் கிரெம். தன் ஆட்களைத் தாய்க்கோழி போலப் பார்த்துக் கொள்கிறார் புல். நீங்கள் இருவரையும் காதலிக்காவிட்டால், டோரியனும் புல்லும் தங்களுக்குள் காதலிக்க ஆரம்பிப்பதும் உண்டு. அலங்காரமும் ஆண்மையும் ஒரே கூடாரத்தில். யார் உண்மையான ஆண் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை.

அச்சே இல்லாவிட்டால்?

சரி, அச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? 2011ல் வந்த ஸ்கைரிம் கேமில் ஒரு தாயத்தைக் கழுத்தில் போட்டுக் கொண்டால், திருமணத்திற்குத் தயாராக உள்ள ஆண், பெண் யாரையும் மணக்கலாம். கேம் எந்த வேறுபாடும் காட்டாது. நல்ல விஷயம்தான். ஆனால் மணந்த பிறகு அவர் வீட்டில் இருந்து சமைத்துத் தருவார், கடை வைத்துப் பணம் தருவார். அதற்கு மேல் பேச்சில்லை. அச்சும் இல்லை, ஆளும் இல்லை.

நடுவழி ஒன்றைக் காட்டியது ஸ்டார்டியூ வேலி. 2016ல் எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் உருவாக்கிய விவசாய கேம் இது. சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் புதியவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். உங்கள் பாத்திரம் ஆணோ பெண்ணோ, ஊரிலுள்ள மணமாகாதவர்களில் யாரையும் விரும்பலாம். அங்கே நீண்ட கூந்தலுடன் கடற்கரைக் குடிசையில் நாவல் எழுதும் எலியட் இருக்கிறார். பந்து விளையாட்டே உலகம் என்றிருக்கும் அலெக்ஸும் இருக்கிறார். இரண்டும் நமக்குத் தெரிந்த வேடங்கள்தான். ஆனால் எலியட்டுக்கு நாவலை முடிக்க வேண்டும். அலெக்ஸ் அம்மாவை இழந்து தாத்தா, பாட்டியுடன் வளர்பவர். ஷேன் என்பவர் குடியிலிருந்து மீளப் போராடுகிறார், கோழி வளர்க்கிறார். வேடம் கதவு மட்டும்தான். உள்ளே வீடு இருக்கிறது.

2017ல் வந்த டிரீம் டாடி கேம் இன்னும் ஒரு படி மேலே போனது. மனைவியையோ கணவரையோ இழந்து, கல்லூரிக்குப் போகவிருக்கும் மகளுடன் புது ஊருக்குக் குடிவரும் ஓர் அப்பா நீங்கள். அக்கம் பக்கத்தில் ஏழு அப்பாக்கள். உடற்பயிற்சி அப்பா, காபிக் கடை அப்பா, பள்ளி ஆசிரியர் அப்பா, தோல் ஜாக்கெட் அப்பா என்று எல்லாருமே அச்சுகள். ஆனால் அவை கே ஆண்களைப் பற்றிய அச்சுகள் அல்ல, அமெரிக்க அப்பாக்களைப் பற்றிய அச்சுகள்! படிப்பாளியான ஆசிரியர், மல்யுத்த நிகழ்ச்சிகளுக்கு ரகசிய ரசிகர். பிள்ளை வளர்ப்பது, மகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படுவது, மற்ற அப்பாக்களுடன் போட்டி போடுவது, இவைதான் இவர்களின் ஆண்மை. சிரிப்பு வருகிறது. ஆனால் யாரும் குறுகிப் போவதில்லை.

மறுக்கத் தெரிந்த காதலன்

2023ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கேமை எடுத்துக் கொள்வோம். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் தயாரித்து, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வென்றது. அதில் வரும் அஸ்டாரியன் வெளுத்த முகமும் சுருள் முடியும் கொண்ட ரத்தக் காட்டேரி. கொஞ்சிப் பேசுவான், மயக்குவான். செவ்ரானின் தம்பி என்றே தோன்றும்.

கதை பாதி நடந்த பிறகு அவனே ஒப்புக் கொள்கிறான். இருநூறு ஆண்டுகள் ஒரு கொடிய எஜமானனுக்கு அடிமையாக இருந்தவன் அவன். எஜமானனுக்கு இரை பிடித்துத் தருவதற்காக மயக்கிப் பழக்கப்பட்டவன். உங்களையும் அந்தப் பழக்கத்தில்தான், பாதுகாப்புக்காகத்தான் மயக்கினான். இப்போது உண்மையான அன்பு வந்துவிட்டது, ஆனால் உடலுறவு வேண்டாம், அது பழையதை நினைவூட்டுகிறது என்கிறான். யாரையும் விடாதவன் என்ற பழைய அச்சு இங்கே உடைந்து விழுகிறது. அதற்குக் குரலும் நடிப்பும் தந்த நீல் நியூபன் 2023 டிசம்பரில் சிறந்த நடிப்புக்கான விருது பெற்றதில் ஆச்சரியம் இல்லை.

எதைக் கவனிக்கலாம்?

என் கருத்து இதுதான். ஒரு பாத்திரம் கம்பீரமாக இருக்கிறதா, மென்மையாக இருக்கிறதா என்று அளப்பதை நிறுத்த வேண்டும். பதிலாக மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று, காதலை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? டோரியனுக்கு நாடு மிஞ்சும். எலியட்டுக்கு நாவல் மிஞ்சும். எதுவும் மிஞ்சாவிட்டால் அவர் வெறும் பொம்மை.

இரண்டு, அவருடைய நடையும் குரலும் உடையும் நாம் சிரிப்பதற்காகவா, அல்லது அவர் அப்படி இருப்பதாலா?

மூன்று, அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா? நீங்கள் பெண் பாத்திரமாக ஆடினால் டோரியன் உங்கள் காதலை ஏற்க மாட்டார். சிலருக்கு இது ஏமாற்றம். எனக்கு அதுதான் அவருடைய பெருமை. கிளிக் செய்தால் எல்லாம் கிடைக்கும் உலகில், மறுக்கத் தெரிந்தவர்தான் மனிதராகத் தெரிகிறார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கேம்கள் எல்லாம் எல்லா வயதினருக்கும் அல்ல. மாஸ் எஃபெக்ட் 3, இன்குவிசிஷன், பால்டர்ஸ் கேட் 3 ஆகிய மூன்றும் ஐரோப்பியத் தரமதிப்பீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. ஸ்டார்டியூ வேலிக்கு அமெரிக்க மதிப்பீடு 10 வயதுக்கு மேல். வாங்கும் முன் இந்த மதிப்பீட்டைப் பாருங்கள். ஆனால் வன்முறைக்காகப் பாருங்கள், வெளிப்படையான காட்சிகளுக்காகப் பாருங்கள். ஒரு ஆண் இன்னொரு ஆணை விரும்புகிறார் என்பதற்காக மட்டும் கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பையன் அதைக் கவனித்துக் கொண்டிருப்பான். அது அவனுடைய கதையாகவும் இருக்கலாம்.

அக்கா மகன் ஊருக்குப் போன பத்து நாளில் போன் செய்தான். கேமை முடித்துவிட்டானாம். குரலில் உற்சாகம் இல்லை.

"அந்தப் பைலட் கடைசிப் போர்ல செத்துட்டார் மாமா. அன்னிக்கு அப்படிக் கேட்டதுக்கு அப்புறம் நான் கீழ்த்தளத்துக்குப் போகவே இல்லை. அவர்கிட்ட பேசி ஆறுதல் சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாராம்."

அவன் சொன்னது சரி. அந்தக் கேம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கணவரை இழந்த துக்கத்திலிருந்து வெளியே வர யாரும் உதவாவிட்டால் கார்டெஸ் உயிர் பிழைப்பதில்லை.

"இப்ப என்ன செய்யப் போறே?" என்று கேட்டேன்.

"பழைய சேவ் பைல் இருக்கு மாமா. திரும்பப் போய்ப் பேசப் போறேன்" என்றான்.

கேமில் சேவ் பைல் உண்டு. வெளியே கிடையாது. அதனால் வெளியே இருப்பவர்களிடம் முதல் தடவையே பேசிவிடுவது நல்லது.